போக இடமில்லாத பச்சை

பச்சை விழுகிறது. முதல் வரிசையில் நிற்கும் கார் அசையவில்லை. அசைந்தால் எங்கே போவது? சந்திப்புக்கு அந்தப் பக்கம் சாலை முழுக்க வண்டிகள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. முப்பது விநாடிப் பச்சை யாருக்கும் பயன்படாமல் எரிந்து அணைகிறது. பொறுமையில்லாத நாலு பேர் மட்டும் சந்திப்பின் நடுவரை போய் மாட்டிக்கொள்கிறார்கள். குறுக்குச் சாலைக்குப் பச்சை வரும்போது, அதற்கும் தடையாக நிற்பவர்கள் அவர்கள்தான். இத்தனைக்கும் இந்த சிக்னலில் எந்தப் பழுதும் கிடையாது. தன் எல்லைக்குள் அது சரியாகக் கணக்குப் போட்டு, சரியான நேரத்தில்தான் பச்சை கொடுத்தது. தவறு முந்நூறு மீட்டர் தள்ளி, அடுத்த சிக்னலில் இருக்கிறது. சில சமயம் அதற்கும் அடுத்ததில்.

ஒரு நகரத்தின் நூற்றுக்கணக்கான சிக்னல்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் வேலையைப் பொறியாளர்கள் நேரத்தைப் பங்கிடும் கணக்காகத்தான் தொடங்கினார்கள். யாருக்கு எத்தனை விநாடி, எப்போது என்பதே கேள்வி. பங்கிடவேண்டியது நேரத்தை மட்டுமல்ல, வண்டிகள் நிற்பதற்கான தரையையும்தான் என்பது கணக்குக்குள் வந்துசேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அந்த மெதுவான திருப்பத்தின் கதைதான் இந்த அத்தியாயம்.

முதலில் ஒற்றைச் சந்திப்பு. எல்லாத் திசைகளும் ஒருமுறை பச்சை பெற்று முடிய ஆகும் நேரத்தைச் சுற்று நேரம் என்கிறோம். அது எவ்வளவு இருக்கலாம்? பச்சை ஒரு திசையிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் ஒவ்வொரு தடவையும் சில விநாடிகள் வீணாகின்றன. போகிறவர்கள் சந்திப்பைக் காலி செய்யவேண்டும். நிற்பவர்கள் கிளம்பி வேகம் பிடிக்கவேண்டும். சுற்றைக் குறுக்கினால் இந்த வீண் செலவு கூடும். நீட்டினால், சிவப்பில் நிற்பவர் காத்துக் கிடப்பார். பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வெப்ஸ்டர் 1958-இல் இந்த இழுபறிக்கு ஒரு சூத்திரம் தந்தார். இன்றும் போக்குவரத்துப் பொறியியல் மாணவர்கள் படிப்பது அதைத்தான். ஒரு சுற்றில் வீணாகும் மொத்த விநாடிகளை ஒன்றரையால் பெருக்கு, ஐந்தைக் கூட்டு, சந்திப்பின் கொள்ளளவில் இன்னும் மிச்சமிருக்கும் பங்கால் வகு. அவ்வளவுதான்.

எண்களைப் போட்டுப் பார்த்தால் இதன் குணம் தெரியும். வீணாவது 10 விநாடி, கொள்ளளவில் 60 சதவீதம் நிரம்பியிருக்கிறது என்றால், 20-ஐ 0.4-ஆல் வகுக்க 50 விநாடி. 80 சதவீதம் நிரம்பினால் 100 விநாடி. 90 சதவீதம் என்றால் 200. கடைசி பத்து சதவீத வண்டிகள் வந்து சேர்ந்ததும் சுற்று இரட்டிப்பாகிவிட்டது. நூறு சதவீதத்தில் விடை முடிவிலி. அதாவது, சூத்திரம் கையை விரித்துவிடுகிறது. நிஜச் சாலை அப்படிக் கையை விரிக்க முடியாது என்பதால், பொறியாளர்கள் சுற்றுக்கு ஒரு மேல்வரம்பு வைத்துவிட்டு, மீதியை வண்டிகளின் பொறுமைக்கு விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது சந்திப்பு வந்தவுடன் புதிய கணக்கு ஒன்று சேர்கிறது. 300 மீட்டர் தள்ளி அடுத்த சிக்னல். வண்டிகள் விநாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன. முதல் சிக்னலில் பச்சை விழுந்து 30 விநாடி கழித்து இரண்டாவதில் விழுந்தால், யாரும் நிற்கவேண்டியதில்லை. இதுதான் பச்சை அலை. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1917-லேயே ஆறு சந்திப்புகளின் விளக்குகளை ஒன்றாக இணைத்துக் கையால் இயக்கியிருக்கிறார்கள். யோசனை அத்தனை பழையது.

சிக்கல் எதிர்த்திசையில் இருக்கிறது. அந்தப் பக்கமிருந்து வருபவருக்கும் அலை கிடைக்கவேண்டுமானால், போகவும் வரவும் ஆகும் மொத்த நேரம் சுற்று நேரத்தின் முழு மடங்காக இருக்கவேண்டும். மேலே சொன்ன சாலையில் போகவர 60 விநாடி. சுற்றும் 60 விநாடி என்றால் இரு பக்கமும் அலை அழகாக ஓடும். சந்திப்புகளுக்கு நடுவே 200 மீட்டர்தான் என்றால்? ஒரு திசைக்கு 20 விநாடி தள்ளிப் பச்சை கொடுக்கிறோம். எதிர்த்திசைக்காரர், தன் பச்சையில் கிளம்பி நம் முதல் சிக்னலை அடையும்போது அது சுற்றின் நாற்பதாவது விநாடியில் இருக்கும். பாதிச் சுற்று பச்சை என்றால், சிவப்பு தொடங்கிப் பத்து விநாடி ஆகியிருக்கும். அவர் இன்னும் இருபது விநாடி நின்றுதான் போகவேண்டும். ‘நான் வரும்போது மட்டும் எல்லா சிக்னலும் சிவப்பு’ என்று புலம்புபவர் மிகைப்படுத்தவில்லை. அவருடைய சிவப்பு, எதிரே வருபவரின் பச்சை அலைக்குக் கட்டிய விலை.

சாலை ஒரு கோடாக இருக்கும்வரை இதையாவது சமாளிக்கலாம். நகரம் என்பது கட்டம் கட்டமான வலை. ஒரு கட்டத்தைச் சுற்றி நான்கு சந்திப்புகள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு இத்தனை விநாடித் தள்ளல் என்று வைத்துக்கொண்டே சுற்றிவந்தால், கிளம்பிய இடத்துக்கே வருவோம். அங்கே பச்சை ஏற்கெனவே ஒரு நேரத்தில் விழுந்துகொண்டிருக்கிறது. ஆக, நான்கு தள்ளல்களின் கூட்டுத்தொகை சுற்று நேரத்தின் முழு மடங்காக இருந்தே தீரவேண்டும். மூன்றை நம் விருப்பப்படி வைக்கலாம். நான்காவது தானாக விழும், நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். எந்தக் கணினியாலும் இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்த முடியாது. போதாக்குறைக்கு எல்லாச் சந்திப்புகளுக்கும் ஒரே சுற்று நேரம் வேண்டும். இல்லாவிட்டால் தள்ளல் ஒவ்வொரு சுற்றிலும் நழுவிக்கொண்டே போகும். நெரிசலான ஒரு பெரிய சந்திப்புக்கு 120 விநாடி தேவைப்பட்டால், 50 விநாடியில் முடித்துவிடக்கூடிய சின்னச் சந்திப்பும் அந்த 120-க்கே ஆடவேண்டும். பெரியவர் வீட்டுக் கடிகாரப்படி ஊரே சாப்பிடுவது மாதிரிதான்.

எல்லாத் திசைக்கும் அலை கிடையாது என்று ஆனபிறகு, யாரை எவ்வளவு நிறுத்தினால் மொத்த நஷ்டம் குறையும் என்று பார்ப்பதே மிச்சம். அதே ஆய்வுக்கூடத்தின் டென்னிஸ் ராபர்ட்சன் 1969-இல் வெளியிட்ட டிரான்சிட் என்ற நிரல் அதைத்தான் செய்தது. வண்டிகள் பச்சையில் ஒரு கொத்தாகக் கிளம்புகின்றன. வேகமான வண்டி முந்தும், மெதுவான வண்டி பின்தங்கும். போகப்போகக் கொத்து கலைகிறது. எவ்வளவு தூரத்தில் எவ்வளவு கலையும் என்பதற்கு ராபர்ட்சன் எளிய விதி ஒன்று வைத்திருந்தார். அதைக் கொண்டு வலையமைப்பின் மொத்தத் தாமதத்தையும் நிறுத்தங்களையும் கணக்கிடும் அந்த நிரல், ஒரு சிக்னலின் தள்ளலைச் சற்று நகர்த்தும். மொத்தம் குறைந்தால் வைத்துக்கொள்ளும், கூடினால் விட்டுவிடும். அடுத்த சிக்னலுக்குப் போகும். இப்படித் திரும்பத் திரும்ப.

கிடைத்த திட்டம் நன்றாகத்தான் இருந்தது, புதிதாக இருக்கும்வரை. புதுக் கடை வரும், பள்ளி வரும், ஒரு தெரு ஒருவழியாகும். பழைய எண்ணிக்கையில் போட்ட திட்டத்தின் பலன் ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம் தேய்கிறது என்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். மறுபடி எண்ண ஆட்கள் வேண்டும், பணம் வேண்டும். எந்த மாநகராட்சியிலும் முதலில் வெட்டப்படும் செலவு அதுதான். சிக்னல்கள் தாமே எண்ணித் தாமே மாறிக்கொண்டால் என்ன என்ற எண்ணம் பிறந்தது இந்த அலுப்பில்தான்.

ஆனால் தாமே மாறும் சிக்னல் முதலில் மூக்குடைபட்டது. 1970-களில் அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் வாஷிங்டன் நகரில் மூன்று தலைமுறைக் கட்டுப்பாட்டு முறைகளைச் சோதித்தது. முதல் தலைமுறை, முன்கூட்டியே போட்டுவைத்த திட்டங்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த இரண்டும் நிலைமையைப் பார்த்து உடனுக்குடன் புதுத் திட்டம் போட்டன. புத்திசாலித்தனம் ஏற ஏறப் பலன் ஏறவில்லை. புதிய தலைமுறைகளால் முதலாவதை வெல்ல முடியவில்லை. ஏனென்று யோசித்தால் புரியும். ஐந்து நிமிடம் எண்ணி, அதை வைத்து ஊகித்து, புதுத் திட்டம் போட்டு முடிப்பதற்குள் நிலைமை மாறிவிடுகிறது. ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது எல்லாத் தள்ளல்களும் குலைகின்றன. தாவலில் வரும் நஷ்டம் புதுத் திட்டத்தின் லாபத்தைத் தின்றுவிடுகிறது.

இந்தப் பாடத்தைச் சரியாகப் படித்தவர் அதே ராபர்ட்சன். 1970-களின் பிற்பகுதியில் அவருடைய குழு கிளாஸ்கோ நகரத் தெருக்களில் சோதித்து உருவாக்கிய ஸ்கூட் என்ற முறை, திட்டம் போடுவதையே கைவிட்டது. அது நச்சரிக்கும், அவ்வளவுதான். ஒரு பச்சை முடியச் சில விநாடிகள் இருக்கும்போது, நாலு விநாடி முன்னால் முடிக்கலாமா, நாலு விநாடி தள்ளலாமா, இப்படியே விடலாமா என்று கேட்டுக்கொள்ளும். சுற்றுக்கு ஒருமுறை, பக்கத்துச் சந்திப்போடு உள்ள தள்ளலையும் அதே நாலு விநாடி அளவில் நகர்த்திப் பார்க்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மட்டும் அந்தப் பகுதி முழுவதன் சுற்று நேரத்தைச் சற்று நீட்டும் அல்லது குறுக்கும். சாலையில் நிற்பவருக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது. அரை மணி நேரத்தில் அந்த நாலு விநாடிகள் சேர்ந்து மொத்தத் திட்டமும் வேறாகியிருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் மாறுவதுதான் இதன் மேதைமை என்பேன். போக்குவரத்து ஆய்வில் நான் மதிக்கும் யோசனைகளில் இதற்குத் தனி இடம் உண்டு.

ஸ்கூட்டின் இன்னொரு நுட்பம் அதன் கண் இருக்கும் இடம். சாலைக்கு அடியில் புதைத்த கம்பிச் சுருள்தான் கண். மேலே உலோகம் வந்தால் உணரும். நொடிக்கு நான்கு முறை அதைப் படிக்கிறார்கள். அதை நிறுத்தக் கோட்டருகே வைக்காமல், எவ்வளவு பின்னால் முடியுமோ அவ்வளவு பின்னால், பெரும்பாலும் முந்தைய சந்திப்பைத் தாண்டியவுடனேயே வைத்தார்கள். வண்டி வரிசையில் சேருவதற்கு முன்பே கணினிக்குத் தெரிந்துவிடும். கூடவே இன்னொரு சேதியும் கிடைத்தது. சுருளின்மேல் ஒரு வண்டி அசையாமல் நிற்கிறதென்றால், வரிசை இந்த முனைவரை வந்துவிட்டது, சாலை நிரம்பிவிட்டது என்று பொருள். நேரக் கணக்குக்குள் இடம் எட்டிப்பார்த்தது இங்கேதான்.

1980-இல் காவன்ட்ரி நகரில் வணிக முறையில் முதலில் நிறுவப்பட்ட ஸ்கூட், நன்றாகப் புதுப்பித்த நிலையான திட்டத்தைவிடத் தாமதத்தைச் சராசரியாக 12 சதவீதம் குறைப்பதாகச் சொல்லப்படுகிறது. கவனியுங்கள், புதுப்பித்த திட்டத்தைவிட. நாலு வருடம் புதுப்பிக்காத திட்டத்தோடு ஒப்பிட்டால் லாபம் ஏறத்தாழ இரட்டிப்பாகத் தெரியும். விற்பனைக் கையேடுகளில் வரும் பெரிய சதவீதங்களைப் பார்க்கும்போது, எதோடு ஒப்பிட்டார்கள் என்று ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது.

ஏறத்தாழ அதே காலத்தில் சிட்னியில் ஆர்தர் சிம்ஸ் தலைமையில் வேறொரு வழி உருவானது. ஸ்காட்ஸ் என்ற அந்த முறை கண்ணை நிறுத்தக் கோட்டிலேயே வைத்தது. வருவதை முன்கூட்டிச் சொல்ல அதனால் முடியாது. கொடுத்த பச்சையில் எவ்வளவு உண்மையில் பயன்பட்டது என்பதை அது துல்லியமாகச் சொல்லும். வண்டிகளை எண்ணுவதைவிட, வண்டிகளுக்கு நடுவே சுருள் காலியாக இருந்த நேரத்தை அளப்பதில்தான் அதன் சாமர்த்தியம். இடைவெளிகள் குறுகியிருந்தால் பச்சை முழுக்கப் பயன்பட்டது; நீண்டிருந்தால் வீணானது. அடுத்தடுத்த வட்டாரங்களின் சுற்று நேரம் நெருங்கி வந்தால் அவற்றை ஒன்றாக இணைக்கும், விலகினால் பிரிக்கும். இதற்குச் சிட்னிப் பொறியாளர்கள் வைத்த பெயர் கல்யாணம், மணமுறிவு. பெரிய சந்திப்பின் கடிகாரத்துக்குச் சின்னது எப்போதும் கட்டுப்பட்டுக் கிடக்கவேண்டிய கொடுமை இதனால் கொஞ்சம் தீர்ந்தது. சிங்கப்பூரும் டப்ளினும் இந்த முறையைத்தான் எடுத்துக்கொண்டன.

இதுவரை சொன்னதெல்லாம் சாலையில் இடம் மிச்சமிருக்கும்போது. இனி நெரிசல்.

300 மீட்டர் நீளத் தடம் ஒன்றில், கார்கள் ஒட்டி நின்றால் ஏறத்தாழ 50 நிற்கும். பச்சையில் இரண்டு விநாடிக்கு ஒரு கார் வீதம் நகரும். ஒரு நிமிடப் பச்சை 30 காரை அனுப்பும். அதாவது, எதிர்முனை அடைபட்டிருந்தால், இரண்டு பச்சைக்குள் இந்தச் சாலை நிரம்பிவிடும். முழுக்க நின்ற வரிசை கிளம்பும் விதமும் விசித்திரம். முன்னால் பச்சை விழுந்ததும் கடைசிக் கார் நகராது. ‘கிளம்பலாம்’ என்ற சேதி வண்டிக்கு வண்டி பின்னோக்கிப் போகிறது, விநாடிக்குச் சுமார் 5 மீட்டர் வேகத்தில். 300 மீட்டருக்கு அது ஒரு நிமிடம். ஆகவே பின்னாலுள்ள சிக்னல், முன்னாலுள்ளதற்கு ஒரு நிமிடம் கழித்துப் பச்சையானால்தான் அதற்குப் போக இடம் கிடைக்கும். காலிச் சாலையில் கணக்கு என்னவாக இருந்தது? பின்னாலுள்ளது முதலில், முன்னாலுள்ளது 30 விநாடி கழித்து. வரிசை நிரம்பியதும் ஒழுங்கே தலைகீழாகிவிட்டது. மாலை ஆறு மணிக்குப் பச்சை அலையைப் பிடிவாதமாக ஓட்டும் நகரம், அடைபட்ட சாலைக்குள் வண்டிகளைத் திணித்துக்கொண்டிருக்கிறது.

இதைத் தானாகக் கண்டுகொள்ளும் விதி ஒன்று வேறொரு துறையிலிருந்து வந்தது. கணினி வலைகளில் தரவுப் பொதிகளை எந்த வழியில் அனுப்புவது என்ற கேள்விக்கு 1992-இல் தசியூலாஸ், எஃப்ரெமிடீஸ் என்ற இருவர் ஒரு விடை தந்தார்கள். பெர்க்லியில் பேராசிரியராக இருந்த பிரவீண் வரையா 2013-இல் அதைச் சாலைச் சந்திப்புக்குக் கொண்டுவந்து விரித்தெழுதினார். விதி இதுதான்: ஒவ்வொரு நகர்வுக்கும், பின்னால் காத்திருக்கும் வரிசையிலிருந்து, போய்ச் சேரப்போகும் சாலையின் வரிசையைக் கழி. வித்தியாசம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கத்துக்குப் பச்சை. பின்னால் நாற்பது வண்டி நின்றாலும், முன்னால் நாற்பது நின்றால் அழுத்தம் சுழியம். அந்தப் பச்சை வேறு யாருக்காவது போகட்டும். மையக் கணினி தேவையில்லை. நாளை எத்தனை வண்டி வரும் என்ற ஊகமும் தேவையில்லை. ஒவ்வொரு சந்திப்பும் தன் அண்டை வீட்டாரை மட்டும் பார்த்தால் போதும். எந்த முறையாலாவது தாங்கக்கூடிய போக்குவரத்து என்றால், இந்த முறையும் அதைத் தாங்கும் என்று கணிதமாகவே நிறுவிவிடலாம்.

அந்த நிறுவலில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: ஒவ்வொரு சாலையிலும் வரிசை எவ்வளவு வேண்டுமானாலும் நீளலாம் என்பது. கணினியின் நினைவகத்தில் பொதிகள் குவியலாம். மண்ணில் அப்படி முடியாது. தேற்றம் எந்த இடத்தில் மிகவும் தேவைப்படுகிறதோ, அந்த இடத்தில்தான் அதன் அடிப்படை ஆட்டம் காண்கிறது. வரம்புள்ள சாலைகளுக்கு ஏற்றபடி அதைத் திருத்தும் வேலை இன்றும் நடக்கிறது.

அண்டை வீட்டாரோடு பேசும் யோசனை களத்திலும் வேலை செய்திருக்கிறது. 2012-இல் பிட்ஸ்பர்க்கின் ஈஸ்ட் லிபர்ட்டி பகுதியில் ஒன்பது சந்திப்புகளில் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் குழு நிறுவிய சர்ட்ராக் முறையில், ஒவ்வொரு சந்திப்பும் தன் அடுத்த சில நிமிடங்களைத் தானே திட்டமிட்டு, ‘இத்தனை வண்டி இந்த நேரத்துக்கு உன்னிடம் வரும்’ என்று பக்கத்துக்குச் சொல்லிவிடும். பயண நேரம் சுமார் 25 சதவீதம், காத்திருப்பு சுமார் 40 சதவீதம் குறைந்ததாக அந்தக் குழு அறிவித்தது. ஒன்பது சந்திப்பின் எண்ணை ஒரு மாநகரத்துக்கு நீட்டிப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்பதற்கு யோகோஹாமாவைப் பார்க்கவேண்டும். அந்த ஜப்பானிய நகரின் மையத்தில் ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர் பரப்பில், சாலையில் பதித்த சுமார் 500 உணரிகளும் 140 டாக்சிகளும் தந்த தரவுகளை ஜெரோலிமினிஸ், டகன்சோ இருவரும் அலசி 2008-இல் வெளியிட்டார்கள். தனித்தனிச் சாலைகளைப் பார்த்தால் ஒரே குழப்பம். மொத்தப் பகுதியையும் ஒரே பாத்திரமாகப் பார்த்தபோது புள்ளிகள் ஒழுங்கான ஒரு வளைகோட்டில் வந்து அமர்ந்தன. உள்ளே வண்டிகள் கூடக் கூட, மணிக்கு எத்தனை வண்டி பயணத்தை முடிக்கிறது என்ற எண் ஏறுகிறது, ஓர் உச்சத்தைத் தொடுகிறது, அதற்கப்புறம் இறங்குகிறது. உச்சத்தைத் தாண்டி உள்ளே விடப்படும் ஒவ்வொரு வண்டியும், உள்ளே இருப்பவர்கள் வெளியேறுவதையே தாமதமாக்குகிறது. அந்த நிலையில் உள்ளேயிருக்கும் சிக்னல்களை எப்படித் திருகினாலும் பெரிய பயனில்லை. செய்யவேண்டியது விளிம்பில்: நகரத்துக்குள் வரும் சாலைகளில் சிவப்பை நீட்டி, வண்டிகளை வெளியிலேயே, நிற்க இடமுள்ள இடத்தில் நிறுத்திவைப்பது.

சூரிக் நகரம் இதைச் செய்கிறது. மையத்துக்குள் நுழையும் வாயில்களில் கார்களை அளந்து விடுகிறார்கள். உள்ளே டிராமும் பேருந்தும் நெருங்கினால் சிக்னல் அவற்றுக்கு வழிவிடுகிறது. இதில் கணிதத்தைவிட அரசியல்தான் கடினம். வெளியே நிறுத்தப்படுபவர் புறநகர்க்காரர். அவருக்குத் தன் முன்னால் நீண்ட சிவப்பு தெரிகிறதே தவிர, உள்ளே தான் சிக்காமல் தப்பித்தது தெரிவதில்லை. தாமதத்தை வண்டிக்கு எண்ணுவதா, ஆளுக்கு எண்ணுவதா என்ற கேள்வியும் இங்கே மறைந்து நிற்கிறது. ஆளுக்கு எண்ணினால், அறுபது பேரோடு வரும் பேருந்துக்காக நாற்பது கார்கள் காத்திருப்பது லாபம். நடந்து சாலையைக் கடப்பவரின் விநாடிகளைப் பெரும்பாலான முறைகள் நீண்டகாலம் எண்ணவே இல்லை. சுருளுக்கு மேல் நடந்தால் சுருளுக்குத் தெரியாது, அவ்வளவுதான் காரணம்.

நம் ஊர்ச் சாலைகளுக்கு வரும்போது வேறொரு முட்டுக்கட்டை. மேலே சொன்ன முறைகளெல்லாம் வண்டிகள் தடத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் என்று நம்பியவை. சென்னை அண்ணா சாலையில் சிவப்பு விழுந்ததும் என்ன நடக்கும்? பைக்குகள் பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் நடுவே புகுந்து முன்னால் வந்து, நிறுத்தக் கோட்டை மறைத்துப் பரவி நிற்கும். ஒரு சுருளின்மேல் ஒரே நேரத்தில் மூன்று பைக் நிற்கலாம். இரண்டு சுருளுக்கு நடுவே ஓர் ஆட்டோ போகலாம். சுருள் சொல்லும் எண்ணிக்கைக்கு அங்கே அர்த்தமில்லை. திருவனந்தபுரத்திலுள்ள சி-டாக் நிறுவனம் இப்படிப்பட்ட கலப்புப் போக்குவரத்தை மனத்தில் வைத்துக் கோசிகோஸ்ட் என்ற முறையை உருவாக்கியது. அது சில இந்திய நகரங்களில் இயங்கிவருகிறது.

நமக்குப் பிரியமான இன்னொரு தொல்லை, சிக்னலில் எண்கள் இறங்கும் கடிகாரப் பலகை. காத்திருப்பவருக்கு அது ஆறுதல். இன்ஜினை அணைக்கலாமா என்று முடிவுசெய்ய உதவும். ஆனால் 45 என்று காட்டிவிட்ட சிக்னல் அந்த 45 விநாடிக்கும் வாக்குக் கொடுத்துவிட்டது. நடுவில் நாலு விநாடி கூட்டவோ குறைக்கவோ அதற்குச் சுதந்திரமில்லை. கடைசிச் சில விநாடிகளை மட்டும் காட்டுவது ஒரு சமரசம். பலகையையும் தகவமைப்பையும் ஒரே கம்பத்தில் முழுசாக மாட்ட முடியாது.

சுருளை விட்டுவிட்டுக் கம்பத்தில் கேமரா வைக்கும் முறை பரவியபிறகு, கலப்புப் போக்குவரத்தை ஆராய்பவர்கள் வண்டிகளை எண்ணுவதற்குப் பதிலாக இன்னொன்றை அளக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பைக்கா பேருந்தா, எந்தத் தடம் என்றெல்லாம் கேட்பதில்லை. சிவப்பில் நிற்கும் அந்த நீள்சதுரத் தார்ப்பரப்பில் எத்தனை பங்கு வண்டிகளால் மூடப்பட்டிருக்கிறது, எத்தனை நேரம் மூடப்பட்டிருக்கிறது என்பதே அளவு.